துறைமுகத்துக்கு ரயில், ஊருக்கு பஸ்: தமிழ்நாடு தொழில் மாநிலமான வழி

தமிழ்நாட்டின் தொழில் வரைபடத்தை விரித்து வைத்தால் முதலில் கண்ணில் படுவது அதன் சிதறல்தான். ஆம்பூரில் ஷூ, நாமக்கல்லில் முட்டை, கரூரில் பஸ் பாடியும் படுக்கை விரிப்பும், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, சங்ககிரியில் லாரி, சிவகாசியில் பட்டாசும் அச்சும், திண்டுக்கல்லில் பூட்டும் தோலும், கோவையில் பம்புசெட்டும் கிரைண்டரும், திருப்பூரில் பனியன். கர்நாடகத்தில் எல்லாம் பெங்களூருவை நோக்கிச் சரிந்ததுபோல, மகாராஷ்டிரத்தில் மும்பையும் புனேயும் வாரிக்கொண்டதுபோல இங்கே நடக்கவில்லை. 1990கள் வரையிலாவது நடக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் நகர்ப்புற மக்கள் 31 சதவீதம், தமிழ்நாட்டில் 48.4 சதவீதம். அவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சென்னைப் பெருநகருக்கு வெளியே வாழ்ந்தவர்கள். இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் என்ற பெயரும் தமிழ்நாட்டுக்கு உண்டு. பெரிய ஆலைகள் அதிகம் என்பதைவிட, சிறிதும் நடுத்தரமுமானவை ஊர் ஊராக இருக்கின்றன என்பதே அதன் பொருள்.

இது ஏன் இப்படி ஆனது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறார்கள். 1984இல் வெளிவந்த கிறிஸ்டோபர் பேக்கரின் நூல் தமிழக நாட்டுப்புறத்தை ஆற்றுப் படுகை, வறண்ட சமவெளி, கொங்கு என்று பிரித்துப் பார்த்து, கிணற்றை நம்பிப் பருத்தி விளைவித்த கொங்கு விவசாயியிடம் பணமும் துணிச்சலும் சேர்ந்த கதையைச் சொன்னது. ஷரத் சாரி 2004இல் திருப்பூரை எழுதியபோது, தோட்டத்தில் பாடுபட்ட கவுண்டர் சமூகத்தார் அந்த உழைப்பையே மூலதனமாகக் காட்டிப் பட்டறை முதலாளிகளானதை முன்னிறுத்தினார். அ.கலையரசனும் ம.விஜயபாஸ்கரும் 2021இல் எழுதிய நூல், திராவிட இயக்க அரசியல் கல்வியையும் சுகாதாரத்தையும் அடிப்படை வசதிகளையும் கீழ்த்தட்டு வரை கொண்டுபோனதைக் காரணமாக வைத்தது. மண், சாதி, ஆட்சி ஆகிய மூன்றும் வேலை செய்திருக்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆளும் சரக்கும் எந்தத் திசையில் நகர வசதி செய்யப்பட்டது, எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதை நடுவில் வைத்துப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது. ரயில் துறைமுகத்தைப் பார்த்துப் போடப்பட்டது. பஸ்ஸும் மின்சாரமும் உள்நாட்டுச் சிற்றூர்களைப் பார்த்துப் போயின. தொழில் இரண்டாவதன் பின்னால்தான் அதிகம் போயிற்று.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொற்கை, காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு ஆகிய கரைகளில் கடல் வணிகம் நடந்தது. மேற்குக் கரையின் முசிறிக்கும் கிழக்குக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் வழியே தரைப்பாதை ஓடியது. ரோமானியக் காசுகள் கொங்குப் பகுதியில் ஏராளமாகக் கிடைத்ததும், கொடுமணலில் மணிகள் செய்த பட்டறைகளும் இரும்பு உருக்கிய அடையாளங்களும் வெளிப்பட்டதும் அந்தப் பாதையின் சாட்சிகள். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போன உமணர்களைச் சங்கப் பாடல்களில் பார்க்கிறோம். சோழர் காலத்தில் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சுமத்திராவின் பாருஸில் 1088இல் தமிழ்க் கல்வெட்டு வைக்கும் அளவுக்குப் பரவியிருந்தார்கள். இந்தப் பெருமை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. நம் கேள்விக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: உள்நாட்டில் பொருள் செய்யும் ஊர்களும் அவற்றை இணைக்கும் வண்டிப்பாதைகளும் மிகப் பழையவை.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கோட்டை கட்ட இடம் பெற்றபோது அங்கே துறைமுகம் என்று சொல்ல எதுவும் இல்லை. திறந்த கடற்கரை, ஓயாத அலை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைசேர்க்கும். இப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் கடல் அல்ல, துணி. சுற்றுவட்டாரத் தறிகளில் மலிவாக நல்ல துணி கிடைத்தது. துணிக்காக வந்தவர்கள் பிற்பாடு மான்செஸ்டர் துணியை இறக்கவும் அதே அலையைக் கடந்தார்கள்.

செயற்கைத் துறைமுகத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 1861 வாக்கில் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. 1870களின் நடுவில் தொடங்கிய கற்சுவர்களை 1881 புயல் உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டி முடித்தபோது கிழக்கு நோக்கிய வாயில் அலைக்கும் மணலுக்கும் இடம் கொடுத்தது. பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத் தலைவராக இருந்த காலத்தில் வாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்ட பிறகே அது உருப்படியான துறைமுகமானது. துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வந்த மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. ஒரே சுவர் ஒரு பக்கத்துக்கு உலாவ இடம் கொடுத்து, இன்னொரு பக்கத்தில் மீனவர் வீடுகளை எடுத்துக்கொண்டது. அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை.

ரயிலின் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தியாவின் முதல் இருப்புப்பாதைகளில் ஒன்று 1837இல் சென்னைக்கருகே செங்குன்றத்தில் போடப்பட்டது, அதுவும் சாலை போடக் கல் ஏற்றிவர. அதில் முக்கியப் பங்கு பொறியாளர் ஆர்தர் காட்டனுடையது. அதே காட்டன் பிற்பாடு, இந்தியாவுக்கு வேண்டியது ரயில் அல்ல, கால்வாய் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். தண்ணீர்ப் பாதை பாசனமும் தரும், மலிவாகச் சரக்கும் ஏற்றும் என்பது அவர் கட்சி. ஆனால் ரயில் கம்பெனிகளுக்கு 5 சதவீத லாபத்தை அரசு உறுதி செய்திருந்தது. நட்டம் வந்தால் வரிகட்டும் இந்தியர் தலையில். லண்டன் முதலீட்டாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்தப் பாதை 1860களின் தொடக்கத்தில் மேற்குக் கரையின் பேப்பூரை எட்டியது. கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு, வழியில் இருந்த கோவை நகரைத் தொடாமல் போத்தனூரோடு போய்விட்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து காவிரிப் படுகைக்குள் இன்னொரு கம்பெனி நுழைந்தது. அகலப் பாதையாகப் போட்ட அதை 1870களில் மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். அதிலிருந்து நூறாண்டுக்கும் மேலாகத் தமிழகம் இரு அளவுத் தண்டவாளங்களில் பிரிந்து கிடந்தது. வடக்கே போக சென்ட்ரல், தெற்கே போக எழும்பூர் என்ற பழக்கமும் அந்தப் பிரிவினையின் எச்சம்தான். ஒரு பாதை முடியும் இடத்தில் மூட்டைகளை இறக்கி அடுத்த பாதையின் வண்டியில் ஏற்ற வேண்டும். 1992இல் ஒரே அளவுப் பாதைத் திட்டம் வரும்வரை தென் மாவட்டச் சரக்குக்கு இந்தத் தண்டனை தொடர்ந்தது.

1876–78 பஞ்சத்தில் ரயிலின் முகம் தெரிந்தது. தண்டவாளம் இருந்த இடங்களிலும் மக்கள் மாண்டார்கள். தானியம் பசித்தவரிடம் போகவில்லை, விலை கொடுக்கக்கூடியவரிடம் போயிற்று. அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் சென்னைக்குள் கூவத்தையும் அடையாறையும் இணைத்த கால்வாய்த் துண்டு வெட்டப்பட்டது. 1806இல் தொடங்கிய கொக்ரேன் கால்வாயோடு அது சேர்ந்து, அப்போதைய ஆளுநர் பெயரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. ஆந்திரக் கரையிலிருந்து மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அதில் விறகும் உப்பும் நெல்லும் படகில் சென்னைக்கு வந்தன. காட்டன் சொன்னது முற்றிலும் தவறில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. பிறகு தூர்ந்தது, 1960களின் புயல்கள் மிச்சத்தைக் கெடுத்தன, 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களை அதன் மடியிலேயே நட்டோம். ஒரு போக்குவரத்து வழியை இன்னொன்றுக்கு அடித்தளமாக்கி அழித்த வேலையைக் கெட்டிக்காரத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தெற்கே ரயிலும் கப்பலும் சேர்ந்து கொண்டுபோனது பருத்தியை மட்டுமல்ல, மனிதர்களையும்தான். நாகப்பட்டினத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கூலிகள் போனார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னுமாக நகரத்தார் பணத்தோடு போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் ரயிலில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் மாறிக் கொழும்புக்கே போகலாம் என்றானது. 1964 டிசம்பர் புயல் அந்த வழியை அறுத்தது. இந்தக் கடல்வழியில் ஒரு சொந்தக்காரனாக நுழைய 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். போட்டியாக இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் கீழே இறக்கியது. அரசு அவரை 1908இல் சிறையில் வைத்தது. கம்பெனி 1911இல் கலைந்தது. துறைமுகம் நோக்கிய பொருளாதாரத்தில் உள்ளூர் முதலாளிக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

ரயில் தொழிலைக் கொண்டுவரவே இல்லை என்று சொன்னால் அது பிழை. திருப்பூர் பருத்திச் சந்தை ரயிலடியில்தான் வளர்ந்தது. சென்னையில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாட்டிக் ஆலையும், மதுரையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஹார்வி ஆலைகளும் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. ஆனால் அவை வெள்ளையர் முதலீட்டில் சில இடங்களில் மட்டும் நின்ற பெரிய ஆலைகள். காவிரிப் படுகையைப் பாருங்கள். தமிழகத்தில் ரயில் நுழைந்த முதல் பகுதிகளில் அது ஒன்று. தண்ணீர் இருந்தது, துறைமுகம் இருந்தது, நிலவுடைமையாளர்களிடம் பணமும் இருந்தது. தொழில் வரவில்லை. ரயில் ஒதுக்கிவிட்டுப் போன கோவை நகரம்தான் தென்னகத்தின் மான்செஸ்டர் என்று பெயரெடுத்தது.

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தாலும், அலைபோல் ஆலைகள் முளைத்தது 1930களில். உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை விழுந்து, நிலத்தில் போட்ட பணம் வேறு வழி தேடிய நேரம் அது. சரியாக அப்போது, 1932இல், நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அரசின் மின்துறை உண்டாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மின்கம்பி முதலில் போன இடங்களில் கோவை ஒன்று. மில்லுக்குப் போன மின்சாரம் அதோடு நிற்காமல் தோட்டத்துக் கிணற்றுக்கும் போயிற்று. கமலை இறைத்த இடத்தில் மோட்டார் உட்கார்ந்தது. மோட்டாருக்கும் பம்புக்கும் வார்ப்பட்டறை வேண்டும். மில் எந்திரத்துக்கு உதிரி பாகம் வேண்டும். பழுது பார்க்க லேத் வேண்டும். ஒன்றின் தேவை இன்னொன்றைப் பெற்றது. வார்ப்பட்டறையில் கற்றவன் தனிக்கடை போட்டான். அவனிடம் கற்றவன் பக்கத்து ஊரில் போட்டான். கோவைக்காரர்கள் எதையும் பிரித்துப் பார்த்துத் திரும்பச் செய்துவிடுவார்கள் என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான்.

இதே ஊரில் ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டி.வி.சுந்தரம் அய்யங்கார் தஞ்சாவூர்–புதுக்கோட்டை வழியில் பஸ் விட்டிருந்தார். ரயில் போகாத இடத்துக்குப் போனது என்பது பஸ்ஸின் முதல் சிறப்பு. நினைத்த இடத்தில் நின்றது என்பது அதைவிடப் பெரிய சிறப்பு. கூரையில் நெல் மூட்டை, தேங்காய், கோழிக்கூடை, நூல் பாவு எல்லாம் ஏறின. ரயிலுக்கு இணையாக ஓடிய பஸ்கள் ரயிலின் வருமானத்தைத் தின்பதாகப் புகார் எழுந்து, 1932–33இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது; பெர்மிட் என்ற சொல் தமிழ்நாட்டின் வணிகச் சொல்லாகவும் அரசியல் சொல்லாகவும் ஆனது.

பஸ் முதலாளிகள் பணிமனையைத் தாங்களே வைத்திருந்தார்கள். அங்கே டயர் ஒட்டவும் பாடி கட்டவும் எஞ்சின் பிரிக்கவும் ஆள் தயாரானார்கள். பஸ் கம்பெனியாகத் தொடங்கிய டி.வி.எஸ். உதிரிபாகத் தொழிலுக்குள் போனது இந்த வழியில்தான். 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கிய அசோக் லேலண்ட், லாரிக்கும் பஸ்ஸுக்கும் சேஸிஸ் தந்தது. கரூரில் பாடி கட்டினார்கள். வண்டி வாங்கப் பணம் வேண்டுமே? அதற்கு சுந்தரம் பைனான்ஸ் 1954இல் வந்தது; பழைய லாரி வாங்குகிறவனுக்கும் கடன் கொடுக்கலாம் என்று 1970களில் ஸ்ரீராம் குழுமம் கண்டுபிடித்தது. கிளீனராக ஏறி, டிரைவராகி, சேமித்த பணத்தோடு பைனான்ஸும் போட்டு ஒற்றை லாரிக்கு ஓனரானவர்கள் நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வறண்ட நிலத்தில் விளையாததை அவர்கள் தார்ச்சாலையில் விளைவித்தார்கள்.

அரசின் பங்கை இங்கே குறைத்துச் சொல்லக் கூடாது. காமராசர் ஆட்சியில் தொழில்துறை ஆர்.வெங்கட்ராமன் கையில் இருந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை, பிறகு அம்பத்தூர், கூடவே மாவட்டத் தலைநகரங்களிலும் தொழிற்பேட்டைகள். பெரம்பூரில் ரயில் பெட்டி, நெய்வேலியில் நிலக்கரி, திருச்சியில் கொதிகலன், ஆவடியில் டாங்கி என்று மத்திய அரசின் முதலீடுகள். இவற்றோடு கிராமங்களுக்கு மின்சாரம் போனதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1971இல் வந்த அரசுத் தொழில் வளாக நிறுவனமான சிப்காட் ராணிப்பேட்டையில் தொடங்கி ஓசூர் போன்ற எல்லை ஊர்களுக்கும் போயிற்று.

ஆனால் என் பார்வையில் அரசு செய்த ஆகப்பெரிய தொழில் முதலீடு எந்தத் தொழில்துறைப் பட்டியலிலும் வராது; அது 1972இல் தனியார் பஸ்களை எடுத்துக்கொண்டது. பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர் வைத்து மூவேந்தரையும் ஒரு பல்லவரையும் டிப்போவில் நிறுத்தினார்கள். டி.வி.எஸ். வழித்தடங்கள் பாண்டியனுக்குப் போயின. சிறு முதலாளிகளின் பஸ்கள் தொடர்ந்து ஓடியதால் போட்டி சாகவில்லை. லாபம் தராத தடத்திலும் பஸ் விட வேண்டிய கட்டாயம் கழகங்களுக்கு இருந்தது. கடைசி பஸ் கிராமத்திலேயே இரவு தங்கி, விடியற்காலை முதல் டிரிப்பில் பால்காரரையும் மில் தொழிலாளியையும் கல்லூரி மாணவனையும் ஏற்றிக்கொண்டு வந்தது. இதனால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் பெயராமல், நிலத்தையும் விடாமல், இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்த பட்டறையில் வேலை பார்க்க முடிந்தது. முதலாளிக்கு வீட்டு வாடகைக்குச் சேர்த்துக் கூலி தர வேண்டியதில்லாத தொழிலாளி கிடைத்தார். சின்ன ஊரில் தொழில் நிலைத்ததற்கு இந்த டவுன் பஸ் கொடுத்த மானியத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை. கழகங்களின் நட்டம் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் வருகிறது.

பஸ் சமூகத்தின் நடுவில் நின்றதற்கு 1997 ஒரு கசப்பான அடையாளம். விருதுநகரில் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, தலித் தலைவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் எழுந்தது. அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டது. மன்னர்களும் அதோடு இறங்கிப் போனார்கள்.

அந்தக் காலத்திலேயே வேறொரு காலமும் தொடங்கிவிட்டது. 1995இல் ஃபோர்டு மறைமலைநகரையும், 1996இல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையையும் தேர்ந்தெடுத்தன. உதிரிபாகம் செய்யும் சிறு தொழில்கள் அம்பத்தூரிலும் பாடியிலும் ஏற்கெனவே இருந்தது ஒரு காரணம். கார்களைக் கப்பலேற்றத் துறைமுகம் பக்கத்தில் இருந்தது இன்னொரு காரணம். தங்க நாற்கரச் சாலை சென்னை–பெங்களூரு வழியை அகலமாக்கியது. 2001இல் எண்ணூர் துறைமுகம் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் போயிற்று. ஃபோர்டு வெளியேறுவதாக 2021இல் அறிவித்தது. ஆனாலும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் நிரம்பிக்கொண்டேதான் இருக்கிறது. தொழில் மறுபடியும் துறைமுகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போன அந்த முதல் ரயில் பாதைக்கு ஏறக்குறைய இணையாகவே இன்றைய தொழில் வழித்தடமும் போகிறது.

இந்தப் புதிய வட்டாரத்தில் பஸ்ஸின் வேலை வேறு. கம்பெனி ஒப்பந்த பஸ்கள் ஷிப்ட் நேரத்துக்கு வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் கிராமங்களில் ஆள் ஏற்றுகின்றன. தூரத்து மாவட்டத்துப் பெண்கள் விடுதிகளில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு கெட்டுப் பலர் நோயுற்றபோது, செல்போன் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்கள் போய் உட்கார்ந்த இடம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு விரைவில் யாரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. இதை நலத்திட்டமாக மட்டும் பார்ப்பவர்கள் 1972இன் தொடர்ச்சியைப் பார்க்கத் தவறுகிறார்கள். பக்கத்து ஊரில் வேலை தேட ஒரு பெண்ணுக்கு ஆகும் செலவைக் குறைப்பது தொழில் கொள்கையும்தான்.

சிதறலுக்கு ஒரு விலையும் இருந்தது. சாயக்கழிவு நொய்யலைக் கொன்று, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்பளித்திருந்தது. ஊர் ஊராகத் தொழில் என்றால் ஆறு ஆறாகக் கழிவு என்பதை முதலாளிகளும் அரசும் தெரிந்தே கண்டுகொள்ளாமல் இருந்தார்கள்.

இப்போது ஆட்சியாளர் எல்லோரும் தொழிலைத் தெற்கே கொண்டுபோவதைப் பேசுகிறார்கள். தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்தது. அதுவும் துறைமுகத்தை ஒட்டித்தான். துறைமுகத்திலிருந்து தள்ளியிருக்கும் நாங்குநேரிச் சிறப்பு மண்டலம் பேசிய அளவுக்கு நிரம்பவில்லை. வடமேற்கில் கிருஷ்ணகிரி மாவட்டம் வேறு ரகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்ச நிவாரணத்துக்கென்று திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூருக்கும் குறும்பாதை ரயில்கள் ஓடின; இரண்டாம் உலகப் போரின்போது நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் பிடுங்கப்பட்டன. ஓசூருக்குப் பின்னாளில் வேறு வழியாக ரயில் வந்தது. மொரப்பூர்–தர்மபுரி இணைப்புக்கு 2019இல் அடிக்கல் நட்டார்கள். கிருஷ்ணகிரி நகரம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குள் அங்கே மாம்பழக்கூழ் ஆலைகளும் கிரானைட் அறுக்கும் கூடங்களும் பெருகி, போச்சம்பள்ளி அருகே மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையும் வந்துவிட்டது. அத்தனை சரக்கும் லாரியில் போகிறது. ஓட்டுகிறவர்களில் பலர் நாமக்கல், சங்ககிரிக்காரர்கள்.